பந்தியும் மண்ணும்

பசித்திருக்கும் குழந்தையின் தட்டில் ஒரு கரண்டி சோற்றை இடுகிறவர் அக்குழந்தைக்கு உண்மையில் எதைக் கொடுக்கிறார் என்ற வினாவுக்கு, உணவு விஞ்ஞானம் ஒரு விடையும் நம் முன்னோரின் தத்துவம் வேறொரு விடையும் சொல்லி வந்திருக்கின்றன. விஞ்ஞானத்தின் விடை அளவைப் பற்றியது. தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்றும், உயர் தொடக்க வகுப்புகளில் படிப்பவருக்கு அவையே 150, 30, 75, 7.5 கிராம் என்றும் மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்டம் வகுத்திருக்கிறது. இந்த எண்களை இகழ்ந்து பேசும் அதிகாரம் எவருக்கும் இல்லை. எலும்பும் தோலுமாய் நின்ற தலைமுறைகளை நிமிர்ந்து நடக்க வைத்தவை இவை போன்ற எண்களே. ஆயினும் அந்த 50 கிராம் காய்கறி எந்த நிலத்தில் விளைந்தது, யார் கையால் பறிக்கப்பட்டது, அதை உண்ணும் பிள்ளைக்கும் விளைவித்த மனிதருக்கும் இடையே ஏதேனும் பந்தம் உண்டா என்ற கேள்விகளுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. இவை நிர்வாக விஷயங்கள் என்று ஒதுக்கிவிடத் தக்கனவா, தர்மத்தின் எல்லைக்குள் அடங்குவனவா என்பதே இங்கு நான் ஆராய விரும்புவது.

தைத்திரீய உபநிஷத்தின் பிருகு வல்லியில், பிருகு என்னும் மகன் தன் தந்தையாகிய வருணனை அணுகிப் பிரம்மத்தை உபதேசிக்குமாறு வேண்ட, தவம் செய்து நீயே அறிந்துகொள் என்று தந்தை அனுப்பிவிட, அவன் தவமிருந்து முதன்முதலாகக் கண்டுகொண்ட உண்மை, அன்னமே பிரம்மம் என்பது. அதற்கு மேல் பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என்று அவன் படிப்படியாக ஏறிச் செல்வதை வேதாந்தம் பயின்றோர் விரித்துரைப்பர். ஆனால் ஆனந்தத்தைக் கண்ட பின்னரும் அந்த உபநிஷத்து மறுபடி அன்னத்துக்கே இறங்கி வருகிறது என்பதையும், அன்னத்தை நிந்தியாமை, அன்னத்தைப் பெருக்குதல், வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பாமை ஆகியவற்றை விரதங்களாகவே விதிக்கிறது என்பதையும் அதே சிரத்தையுடன் எடுத்துச் சொல்வோர் சிலரே. எவ்வளவு உயரம் ஏறிய ஞானமும் அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்து அங்கே தன்னை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்பதே அந்த ரிஷிகளின் கருத்து என்று நான் கொள்கிறேன்.

தமிழ் மரபு இதே பொருளை மண்ணின் பக்கமிருந்து அணுகியது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், மறுமைப் பேறு வேண்டினாலும், தனியாட்சி வேண்டினாலும், நிலைத்த புகழ் வேண்டினாலும் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான் என்று அந்தப் பாண்டியனுக்கு எடுத்துரைத்து, நாடெங்கும் நீர்நிலைகளை வெட்டச் சொன்னார். உணவு என்று நாம் உண்பது நிலமும் நீரும் கலந்த கலப்பே என்பதுதான் அவர் காட்டிய காரணம். புறநானூற்றில் போரைப் பாடிய பாட்டுகளுக்கு நடுவே இந்தப் பாட்டு நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது; வெற்றி பெற்ற மன்னனுக்குப் புலவர் நினைவூட்டியது வாளை அன்று, ஏரியை.

இவ்விரண்டு சிந்தனைகளையும் சேர்த்து நோக்கினால் ஒன்று விளங்கும். அன்னம் வணக்கத்துக்குரியது, அந்த அன்னமோ எங்கிருந்தோ வானத்தினின்று விழுவதன்று, ஓர் ஊரின் நிலமும் அந்த நிலத்துக்குப் பாயும் நீரும் அவற்றைச் சேர்த்து வைக்கும் மனிதரின் உழைப்பும் கூடி உருவாவது. அப்படியானால் அன்னத்தை வணங்குவது என்பது அந்த நிலத்தையும் நீரையும் மனிதரையும் அறிவதைத் தன்னுள் கொண்டதாக இருக்க வேண்டும். அறியாத ஒன்றை உண்ணலாம். அறியாத ஒன்றை வணங்குவது கடினம்.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளித்த வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்துடன் படிக்கும்போது அதன் ஏற்ற இறக்கங்கள் புதிய பொருள் தருகின்றன. 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்கில் தன் பள்ளி ஒன்றின் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட்டுச் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோதும், கல்வித் துறையின் தலைமையில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று அதை வளர்த்தபோதும், அந்த இயக்கத்தின் உயிர்நிலை அரசாங்கத்தின் கருவூலத்தைக் காட்டிலும் ஊராரின் கொடையிலேயே இருந்தது. உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடும் பிடியரிசி வழக்கம் நம் வீடுகளுக்குப் பழைமையானது. அந்த மனோபாவமே அன்று பள்ளிகளை நோக்கித் திரும்பியது. அறுப்புக் காலத்தில் களத்திலிருந்து நெல்லும், தோட்டத்திலிருந்து கத்தரியும் பூசணியும், தோப்பிலிருந்து மட்டையும் விறகும் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தன. செலவில் ஒரு பங்கு அரசாங்கத்தினுடையது, ஒரு பங்கு ஊருடையது என்ற ஏற்பாடு கணக்குப் புத்தகத்தில் நிதிப் பங்கீடாகத் தோன்றலாம். உண்மையில் அது ஊர் தன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று ஒப்புக்கொண்ட செயல்.

பின்னர் 1961 முதல் ‘கேர்’ என்னும் அமெரிக்க அமைப்பின் உதவி வந்தது. பால் மாவும், மக்காச்சோள மாவும், தகர டப்பாக்களில் அடைத்த எண்ணெயும் கடல் கடந்து வந்து நம் கிராமப் பள்ளிகளின் அறைகளில் அடுக்கப்பட்டன. அந்தத் தலைமுறையினர் பால் மாவின் மணத்தை இன்றும் நினைவுகூர்கிறார்கள். வெந்நீரில் கரைத்து அலுமினியக் குவளையில் ஊற்றிய அந்தப் பாலைக் குடித்துப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஏராளம். அந்த உதவியைப் பழிப்பது நன்றிகெட்டதனம். எனினும் அயோவாவின் வயல்காரரையோ விஸ்கான்சினின் மாட்டுப் பண்ணைக்காரரையோ நம் சிற்றூர்ப் பிள்ளை எந்த வகையில் அறிந்திருக்கக் கூடும்? கொடுத்தவர் ஓர் அமைப்பின் முத்திரையாக, பெற்றவர் ஓர் அறிக்கையின் எண்ணாக, இருவருமே முகமின்றிப் போயினர். உணவு வந்தது, உறவு வரவில்லை.

இதே அனுபவம் ஜப்பானியருக்கும் நேர்ந்தது என்பதை அறிந்தபோது, இது நமக்கு மட்டும் உரிய கேள்வியன்று என்று தெளிந்தேன். அந்நாட்டின் முதல் பள்ளி உணவு 1889-இல், யமகத்தா மாகாணத்துச் சுருவோக்கா நகரில், தைத்தோகுஜி என்னும் பௌத்த ஆலயத்தில் நடந்த பள்ளியில் வழங்கப்பட்டது. மதிய உணவு கொண்டுவர வழியற்ற ஏழைப் பிள்ளைகளுக்காகத் துறவிகள் வீடு வீடாகச் சென்று பெற்ற பிட்சையைக் கொண்டு, சோற்றுருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். ஊர் வீடுகளின் அரிசியே ஊர்ப் பிள்ளைகளின் உருண்டையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கும் அமெரிக்கக் கொழுப்பு நீக்கிய பால் மாவும் கோதுமை ரொட்டியும் பள்ளிகளை நிறைத்தன. நெல் விளையும் நாட்டில் பள்ளி உணவுக்குள் சோறு முறையாகத் திரும்பி வர 1976-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2005-இல் அவர்கள் உணவுக் கல்விக்கென்று ஒரு சட்டமே இயற்றி, தம் வட்டாரத்தில் விளைந்ததைத் தம் பள்ளிகளில் உண்பதை ஊக்குவித்து, உண்ணுமுன் கைகூப்பும் பழைய வழக்கத்தோடு அதை இணைத்துக் கற்பிக்கிறார்கள். சட்டம் வருவதற்கு 116 ஆண்டுகளுக்கு முன்பே பிட்சா பாத்திரம் அந்தப் பாடத்தைத் தொடங்கிவிட்டது.

காவிரிப் பாசனத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் ஒரு நண்பகலைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சமையற்கூடத்தின் மூலையில் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக் கிடங்கிலிருந்து வந்த அரிசி மூட்டைகள். நடுவே இரண்டு அண்டாக்கள். சமையல் செய்யும் அம்மாள் முருங்கைக் கீரைக் கட்டை முறத்தில் பரப்பி, ஒவ்வொரு காம்பையும் நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் உருவி, பழுத்த இலைகளையும் பூச்சிக்கூடு ஒட்டியவற்றையும் தனியே தள்ளிக்கொண்டிருந்தார். கீரை சாம்பாரில் விழுந்ததும் எழுந்த பச்சை வாசனை வகுப்பறை வரை சென்றிருக்க வேண்டும். ஏனெனில் மணி அடிப்பதற்கு முன்பே சன்னல்களில் தலைகள் தெரிந்தன. விதிப்படி ஆசிரியை ஒருவர் முதலில் உண்டு பார்த்த பின்னர், பிள்ளைகள் தாழ்வாரத்தில் தட்டுகளோடு வரிசையாக அமர்ந்தார்கள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், குழந்தைகள் எல்லோரும் செய்வது போலவே, கீரையை விரலால் பொறுக்கித் தட்டின் விளிம்பில் சேர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த சிறுமி அதைப் பார்த்துவிட்டு, “எங்க அப்பாயி விடியக்காலையிலேயே எந்திரிச்சு பறிச்சுக் குடுத்ததுடா, ஒதுக்காத” என்றாள். அவள் குரலில் கோபமில்லை. மனம் நோகும் தொனி மட்டும் இருந்தது. பையன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு ஒதுக்கியதைச் சோற்றோடு பிசைந்து தின்றான்.

அந்தத் தாழ்வாரத்தின் சுவரிலேயே கீரையின் சத்துகளை விளக்கும் வண்ணப் படம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. நாள்தோறும் அதன் கீழ் அமர்ந்து கீரையை ஒதுக்கிய பிள்ளை, ஒரு கிழவியின் பெயரைக் கேட்டதும் ஒதுக்க முடியாமல் போனது ஏன்? சத்து என்பது அவனுக்கு ஒரு செய்தி. அப்பாயி என்பவளோ அவன் நாள்தோறும் தெருவில் காணும் ஒரு பிரத்தியட்சம். குனிந்த முதுகும் கையில் அரிவாளுமாக அவளை அவன் கண்டிருக்கிறான். அவள் பறித்ததை எறிவது அவளை அவமதிப்பதாகும் என்று அவனுக்கு எவரும் உபதேசிக்கத் தேவையிருக்கவில்லை. அன்னத்தை நிந்தியாதே என்று உபநிஷத்து விதித்த விரதம் அந்தத் தாழ்வாரத்தில் அனுஷ்டானமானதை நான் என் கண்ணால் கண்டேன்.

மனிதன் பிறக்கும்போதே கடன்களோடு பிறக்கிறான் என்பது நம் சாஸ்திரங்களின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் பட்ட கடன்களை வேள்வியாலும் கல்வியாலும் சந்ததியாலும் தீர்க்க வேண்டும் என்பர். இந்தக் கருத்தின் தாத்பரியம், நாம் பெற்றது யாரிடமிருந்து என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதே. கடன் கொடுத்தவரை அறியாதவன் கடனைத் தீர்க்கத் தொடங்கவே முடியாது. பள்ளியில் உண்ணும் பிள்ளைக்கு உணவு உரிமையாகக் கிடைக்கிறது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. உரிமை என்று ஆனதால்தான் தட்டேந்தும் பிள்ளையின் தலை குனியாமல் இருக்கிறது. தர்மம் போடுகிறோம் என்ற பேச்சு அந்தத் தாழ்வாரத்துக்குள் நுழையவே கூடாது. ஆனால் உரிமை, சட்டத்திடமிருந்து பெறுவது. சட்டத்துக்கு நன்றி சொல்ல முடியாது. நன்றிக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு தெரு வேண்டும், திரும்பச் செய்ய ஒரு வழி வேண்டும். அண்மையில் விளைந்த உணவு அந்த முகத்தை அளிக்கிறது என்பதே அதன் முதன்மையான சிறப்பு என்று நான் கருதுகிறேன். புதிதாக இருக்கிறது, போக்குவரத்துச் செலவு குறைகிறது என்பனவெல்லாம் அதற்கு அடுத்த நிலையில் நிற்பவை.

இதற்குக் கற்றறிந்தோர் ஓர் ஆட்சேபம் கூறக்கூடும். கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, கொடுக்க வேண்டியது கடமை என்ற ஒன்றே காரணமாக, உரிய இடமும் காலமும் பாத்திரமும் அறிந்து கொடுப்பதையே சாத்துவிக தானம் என்று பகவத் கீதை போற்றுகிறது. முகம் காட்டாமல் கொடுப்பதன்றோ உயர்ந்த கொடை, கொடுத்தவரை அறிய வேண்டும் என்று வற்புறுத்துவது கொடையைத் தாழ்த்துவதாகாதோ என்று அவர்கள் வினவலாம். ஆட்சேபம் வலிமையுடையது. ஆனால் கீதை அங்கே பேசுவது கொடுப்பவனின் மனத்தூய்மையைப் பற்றி. அவன் பலனை எதிர்பார்க்கக் கூடாது என்பது அவனுக்கு உரிய சாதனை. பெறுகிறவனின் மனம் எப்படி வளர வேண்டும் என்பது வேறு பொருள். கொடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்வது அவனுக்குத் தவம். பெறுகிறவனிடமிருந்து கொடுத்தவனை மறைத்துவிடுவது அவன் வளர்ச்சிக்கு இழப்பு. அதிலும் பெறுகிறவன் கற்கும் பருவத்துக் குழந்தையாக இருக்கையில், உலகம் தன்னை யார் யார் கைகளால் தாங்குகிறது என்று அறியும் உரிமை அவனுக்கு உண்டு.

மணிமேகலைக் காப்பியம் இந்த இடத்தில் என் நினைவுக்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் பெற்றுக்கொண்டு புகார் நகருக்குத் திரும்பிய மணிமேகலை, நேரே பசித்தோர்க்கு உணவிடத் தொடங்கவில்லை. கற்பிற் சிறந்த ஆதிரையின் மனைக்குச் சென்று, அவள் கையால் முதற் பிச்சையை ஏற்ற பின்னரே பாத்திரம் சுரக்கிறது. தெய்வத் தன்மை பொருந்திய பாத்திரத்துக்கு ஒரு வணிகன் மனைவியின் கைப்பிடிச் சோறு எதற்கு? சாத்தனார் ஏன் அப்படி அமைத்தார் என்று உரைகாரர்கள் கற்பின் பெருமையைக் கூறுவார்கள்; அது பொருந்துவதே. எனக்கு அதோடு மற்றொன்றும் தோன்றுகிறது. ஊரின் பசியை ஆற்ற வந்த கலம், ஊரின் ஓர் அடுப்பிலிருந்து தன் முதல் அன்னத்தைப் பெற வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதோடு நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். அண்மை என்பதில் அருள் இருப்பது போலவே கொடுமையும் இருக்கிறது. மண் பொய்த்துப்போகும் ஆண்டுகள் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், வங்கத்திலிருந்து கப்பலேறி வந்த அரிசி இல்லாவிடில் மாண்டோர் தொகை இன்னும் பெருகியிருக்கும். அன்று உள்ளூர் விளைவையே உண்போம் என்று ஒருவர் விரதம் பூண்டிருந்தால் அது பிள்ளைகளின் உயிரைப் பலியிட்ட விரதமாக முடிந்திருக்கும். இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பசிக்கு முன்னால் தூரம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதை எந்த மரபும் மறுக்கவில்லை.

ஆழமாக எண்ண வேண்டியது மற்றொரு கொடுமை. ஊர் என்று நாம் அன்போடு சொல்லும் அதே ஊர்தான், ஒரு பகுதி மனிதரை ஊருக்கு வெளியே சேரியில் நிறுத்தி வைத்தது. கோயிலுக்கும் குளத்துக்கும் எல்லை கட்டிய அதே கைகள் பந்திக்கும் எல்லை கட்டின. 1922-இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலம், தேசியக் கல்வியும் தொழிற்பயிற்சியும் எளிய வாழ்வும் ஒருங்கே அமைந்த உயர்ந்த இலட்சியத்தோடு எழுந்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவரும் கம்பனை உலகக் கவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவருமான ஐயரின் தியாகத்தை எவரும் ஐயுறவில்லை. தாமிரபரணி பாயும் அந்தப் பூமியில் உணவுக்கா குறை? அங்கே குறைபட்டது பந்தி. பிராமணப் பிள்ளைகள் தனியே உண்ணும் ஏற்பாடு வெளியே தெரிந்தபோது, வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளந்தது. மண் நல்ல மண், நீர் நல்ல நீர், நோக்கமும் நல்ல நோக்கம். ஆயினும் இலை பிரிந்த இடத்தில் அன்னம் பிரம்மமாக இருக்கும் தகுதியை இழந்தது என்றே நான் சொல்வேன்.

இது கடந்துபோன காலத்துக் கதையன்று. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவிக்க, அவரை இடம் மாற்றும் உத்தரவும் பிறந்து, பின்னர் பலரின் போராட்டத்தால் அது திரும்பப் பெறப்பட்டது. அவர் சமைத்த அரிசி தூரத்துக் கிடங்கிலிருந்து வந்ததா, பக்கத்து வயலிலிருந்து வந்ததா என்று அந்தப் பெற்றோர் கேட்கவில்லை; கை யாருடையது என்று மட்டுமே கேட்டார்கள். முகம் தெரிவதால் நன்றி பிறக்கும் என்று மேலே சொன்னேன். முகம் தெரிவதால் வெறுப்பும் பிறக்கும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். கிடங்கிலிருந்து வரும் முகமற்ற அரிசி மூட்டைக்கு ஒரு பெருமை உண்டென்றால் அது இதுதான்: அதற்குச் சாதி தெரியாது. தியாகராயர் காலம் தொட்டு அரசாங்கம் பள்ளிக்குள் அடுப்பை மூட்டியதன் பெரும்பயன், ஊர் தானாகச் செய்யாத ஒன்றை, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர வைப்பதை, ஊரைக் கொண்டே செய்வித்ததில் இருக்கிறது.

அப்படியானால் அண்மையைக் கைவிட்டுத் தூரத்தை நாடுவதா, வேறு வழி உண்டா? இதற்கு வடலூரில் ஒரு விடை இருக்கிறது. 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துவருகிறது. அந்தச் சாலை எழுந்த நிலம் எங்கிருந்து வந்தது? பார்வதிபுரம் ஊர்மக்கள் 80 காணி நிலத்தை அடிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே மண் அந்த ஊருடையது. ஆனால் சாலையின் வாயிலில் சாதி, சமயம், தேசம் என்ற எந்தக் கேள்வியும் கேட்கப்படலாகாது என்று அடிகள் விதித்தார். பசி என்ற ஒன்றே அங்கே நுழைவதற்குப் போதிய தகுதி. ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று அவர் கற்பித்தது, தத்துவ சபைகளில் வாதிப்பதற்காகச் சொன்ன சித்தாந்தமாக இருக்கவில்லை. அந்த அடுப்பின் அருகில் நின்று சொன்னது. நிலத்தை ஊரிடமிருந்து பெற்றுக்கொண்டு, அந்த ஊரின் வேலிகளைப் பெறாமல் விட்டதே அவருடைய பெருஞ்செயல்.

பள்ளி உணவைப் பொறுத்தவரை இந்த நெறியைச் சட்டத்தின் மொழியில் எழுத முடியுமா என்று ஐயுறுவோர் பிரேசில் நாட்டைக் காணலாம். 2009-இல் அந்நாடு இயற்றிய 11,947-ஆம் எண் சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு அளிக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப விவசாயிகளின் விளைபொருள்களை வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தது. அதோடு நில்லாமல், நிலச் சீர்திருத்தத்தால் நிலம் பெற்ற குடியேற்றங்களுக்கும், பழங்குடி மக்களுக்கும், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தோரின் வழித்தோன்றல்களாகிய சமூகங்களுக்கும் அதில் முதலிடம் தர வேண்டும் என்றும் கூறிற்று. அருகில் இருப்பவரிடம் வாங்கு என்று மட்டும் சொல்லியிருந்தால், அருகில் நிலம் வைத்திருப்பவரே மேலும் செழித்திருப்பார். அருகில் இருந்தும் இதுவரை ஒதுக்கப்பட்டவரிடம் முதலில் வாங்கு என்று சொன்னதனால் அந்தச் சட்டம் தர்மத்தை ஒட்டியதாகிறது.

நமக்கும் இந்த வழி மூடப்பட்டதன்று. 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் அரிசியும் பருப்பும் மாநிலம் முழுமைக்கும் ஓரிடத்திலிருந்து வந்து சேர்வதைப் பெரிதும் மாற்ற இயலாது. மாற்ற வேண்டியதுமில்லை, ஏனெனில் வறண்ட ஆண்டிலும் அண்டா நிறைய வேண்டும். முட்டையும் பெரும்பாலும் நாமக்கல் வட்டாரத்தையே நம்பியிருக்கிறது. ஆனால் அந்த 50 கிராம் காய்கறி இருக்கிறதே, அது இன்றும் பல ஊர்களில் பள்ளியிலேயே கொள்முதலாகிறது. முருங்கை, அகத்தி, அரைக்கீரை, பூசணி, அவரை ஆகியவற்றுக்குக் காணிக்கணக்கில் நிலம் வேண்டாம். வீட்டுக் கொல்லையும் வாய்க்கால் கரையும் போதும். நிலமே இல்லாத வீட்டுப் பெண்களும் பயிரிடக்கூடிய பொருள்கள் இவை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சமைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. சமைக்கும் குழுவைப் போலவே விளைவிக்கும் குழுவும் அமைவதற்குத் தடை ஏதுமில்லை. தஞ்சைக்குச் சோறு மண்ணின் உணவு. தருமபுரிக்குக் கேழ்வரகும், ஜவ்வாது மலைக்குச் சாமையும் அப்படியே. மலைப் பிள்ளையின் தட்டில் வாரத்தில் சில நாளாவது சாமைச் சோறு விழுமானால், தன் பாட்டன் விதைத்த தானியம் பள்ளிக்கூடத்துக்குள் நுழையத் தகுதியற்றது என்ற எண்ணம், எவரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே அவன் மனத்தில் படிந்துவிடும் அந்த எண்ணம், அவனிடமிருந்து அகலும்.

இதில் கொடை என்ற பேச்சுக்கு இனி இடம் தரக் கூடாது. 1956-இல் ஊரார் கொடுத்தார்கள், கொடுக்க வல்லவர்கள் கொடுத்தார்கள். அதற்கு உரிய பெருமை அவர்களைச் சாரும். இன்று கீரை விற்கும் பெண்ணிடம் பள்ளிக்குத்தானே, பிள்ளைகளுக்குத்தானே என்று விலையைக் குறைத்துக் கேட்பதும், பட்டியல் அனுப்பியாயிற்று, பணம் வந்ததும் தருகிறோம் என்று மாதக்கணக்கில் அலையவிடுவதும், அவள் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்து மற்றொரு பிள்ளையின் தட்டில் வைப்பதற்கு ஒப்பாகும். சந்தை விலைக்குக் குறையாத விலையும், கட்டைக் கொடுத்த அன்றே கையில் காசும் அவளுக்குச் சேர வேண்டும். அந்தக் காசு முதலில் சேரித் தெருவுக்குப் போய்ச் சேருமாறு கொள்முதல் விதியிலேயே எழுதப்பட வேண்டும். அவள் வளர்த்த கீரையை ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும், எந்தத் தெருவில் பிறந்தவராயினும், ஒரே வரிசையில் அமர்ந்து, அது யார் வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது என்று பெயர் சொல்லி அறிந்து உண்ணட்டும்.